மாட்டு வயிற்றில் வடக்கு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. காரைக்குடி செக்காலையில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். அவர்கள் கூரியரில் அனுப்பும் சின்னச் சின்ன வயர்லெஸ் கருவிகளை வாளித் தண்ணீரில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அவை ஒழுங்காக விழிக்கின்றனவா, ஒழுங்காகத் தூங்குகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "தொட்டில் ஆட்டுறதுக்கா இம்புட்டுப் படிச்ச?" என்று அத்தான் கேலி செய்வார். அக்காவின் கணவர் அவர், தச்சு வேலை. அவருடைய கேலியில் பாதி உண்மை இருப்பதால் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

இந்தக் கருவிகளுக்குப் பொத்தான் கிடையாது. ஸ்க்ரூ கிடையாது, மூடி கிடையாது. ஊசி நுழையும் இடம் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும் என்று பேட்டரியோடு சேர்த்துப் பிசின் ஊற்றி அடைத்துவிடுவார்கள். பேட்டரியை மாற்ற வழியே இல்லை. அது கோடவுனிலும் கூரியர் வண்டியிலும் கிடக்கும் மாதங்களில் விழித்துக்கொண்டே இருந்தால் வேலையில் சேர்வதற்கு முன்பே கிழமாகிவிடும். ஆகவே தூங்கவைத்துத்தான் அனுப்புவார்கள். சரி, நாலாபுறமும் அடைத்த ஒன்றை வெளியிலிருந்து எப்படி எழுப்புவது? சிலவற்றை வெளிச்சம் காட்டி எழுப்பலாம். சிலவற்றைக் குலுக்கினால் போதும். சிலவற்றின் மேல் போனை வைத்தால் விழிக்கும். எங்களுடையதைத் தூங்கவைப்பது காந்தம். உறையின் மூடியில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கும். அது பக்கத்தில் இருக்கும்வரை தூக்கம், உறையிலிருந்து எடுத்தால் விழிப்பு. மூடி வைத்த போன் கவரைத் திறந்ததும் திரை எரிகிறதே, அதே சங்கதிதான்.

எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இருந்தாலும் உறையிலிருந்து உருவியதும் என் போனில் சாம்பல் நிறப் புள்ளி பச்சையாக மாறும்போது இன்னும் எனக்கு ஒரு சின்னத் துள்ளல் வரும்.

அக்கா இருப்பது காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்கிற ஊர். தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ். அத்தானும் பகலில் இருக்க மாட்டார். பழைய பெரிய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறார்களே, அங்கெல்லாம் கதவு பழுதுபார்க்கப் போய்விடுவார். வீட்டில் பகல் முழுக்க இருப்பது மாடு மட்டும்தான்.

போன வருஷம் அந்த மாடு பகலில்தான் கன்று போட்டது. இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்து அக்கா வழக்கம்போல் கயிற்றைக் குறுக்கிக் கட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கன்று மூக்கின் மேல் சவ்வு மூடியபடி கிடந்தது. நக்கி எடுத்துவிட மாட்டுக்குக் கயிறு எட்டவில்லை. இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண். அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அந்த மாட்டைக் கட்டும் கயிறு நீளமாகிவிட்டது. இந்த வருஷம் மறுபடி சினை.

ஒருநாள் அவளே ஆரம்பித்தாள். "உங்க கம்பெனில மாடு எப்பக் கன்னு போடும்னு முன்னக்கூட்டியே சொல்ற மாத்திரை செய்றீகளாமே, நெசமா?"

"மாத்திரை இல்லக்கா, கருவி."

"முழுங்குறதுக்குப் பேரு மாத்திரைதானடி."

அவள் சொன்னது சரிதான். விரல் நீளத்தில் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். மாட்டின் தொண்டை வழியே உள்ளே தள்ளிவிட்டால் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் வயிற்றுப் பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆயுசுக்கும் அங்கேயேதான். உடம்புச் சூட்டை அவ்வப்போது அளந்து கொட்டகைத் தூணில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி போனுக்குச் சொல்லும். கன்று ஈனுவதற்கு முந்தின நாள் மாட்டின் சூடு லேசாக இறங்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். சோதனைக்கென்று வந்த உருப்படிகளில் ஒன்றைக் கம்பெனியில் கேட்டு வாங்கினேன். அக்காவுக்காக என்றுதான் கேட்டேன். கூடவே, நிஜ மாட்டின் வயிற்றிலிருந்து செய்தி வருவதைப் பார்க்கிற ஆசையும் இருந்தது.

மாட்டு டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். அத்தான் மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் கருவியை உறையிலிருந்து உருவினேன். புள்ளி பச்சையானது. "முழிச்சிருச்சு" என்றேன். அக்கா எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். டாக்டர் நீளக் குழாயில் அதை வைத்து வாய்க்குள் விட்டுத் தள்ளினார். மாடு ஒரு முழுங்கு முழுங்கியது. புள்ளி பச்சையாகவே இருந்தது. எல்லாருக்கும் காபி கொடுத்து டாக்டரை அனுப்பிவிட்டு வந்து பார்க்கிறேன், சாம்பல்.

"செத்துப்போச்சா?" என்றாள் அக்கா.

"தூங்குதுக்கா."

"போன ஒடனேவா?"

"அசை போட்டுத் தாலாட்டிருக்கும்" என்றார் அத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுப்புவதையே தொழிலாக வைத்திருக்கிற நான், அக்கா முன்னால் அசடு வழிய நிற்கிறேன். அவளோ குழாய் வைத்த பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே இன்னொரு கருவியோடு போனேன். மாட்டின் சதையையும் தண்ணீரையும் தாண்டி ரேடியோ அலை வரவில்லையோ என்பதுதான் முதல் சந்தேகம். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், பச்சை. கழனித் தண்ணீர்த் தொட்டியில் தவிடு புண்ணாக்கோடு புதைத்துப் பார்த்தேன், அப்போதும் பச்சை. உப்புத் தண்ணீர் நிரப்பிய பைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா சுவர் மேல் கையூன்றிக்கொண்டு, "மாட்டுக்கு ஒத்தடம் குடுக்குறீகளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கும் பச்சைதான். அலைமேல் குற்றமில்லை.

பிறகு பெட்டிக்குள் பதிவாகியிருந்ததைத் தோண்டினேன். எங்கள் கருவிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் தூங்காது. தூங்கப்போகிறேன் என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் தூங்கும். அந்தச் செய்தி வந்திருந்தது. ஆகப் பழுதில்லை, சாகவில்லை. முறையாகத் தூங்கியிருக்கிறது. முறையாகத் தூங்கவேண்டுமென்றால் காந்தம் வேண்டும். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் சொன்னபோது, "உங்க ஊர் மாட்டுக்குள்ள காந்தம் இருக்கும்போல" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. இருந்தால்?

போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு கொட்டகைக்குப் போனேன். வாசலில் நின்றால் வடக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. மாட்டின் பின்பக்கம் நின்றாலும் அப்படியே. இடது முன்னங்காலுக்குப் பின்னால், விலாவை ஒட்டிப் போனைக் கொண்டுபோனதும் முள் தடுமாறிச் சுற்றி மாட்டைப் பார்த்து நின்றது. எடுத்தேன், திரும்பியது. மறுபடி வைத்தேன், மாட்டைக் காட்டியது. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் வடக்கு என்பது மாட்டு வயிறுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாடு திரும்பி என் தாவணியை, இல்லை, துப்பட்டாவை நக்கியது. சந்தோஷத்தில் எனக்கு வயசே மறந்துவிட்டது.

சாயங்காலம் அத்தான் வந்ததும் கேட்டேன். "அத்தான், இது காந்தம் கீந்தம் எதையாச்சும் தின்னுச்சா?"

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அட, அது இன்னுமா உள்ள கெடக்கு?"

வீட்டுக்கு இடப்பக்கம் அத்தானின் பட்டறை. வைக்கோல் போரும் அதையொட்டித்தான். பழைய கதவுகளிலிருந்து பிடுங்கிய ஆணிகள் இழைப்புச் சுருளோடு சேர்ந்து பறந்து வைக்கோலுக்குள் போய்விடும். சில வருஷத்துக்கு முன் மாடு தீனி எடுக்காமல் முதுகை வளைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அப்போதிருந்த டாக்டர், ஆணி தின்றிருக்கிறது, குத்திக் கிழிக்காமல் இருக்க ஒரு காந்தத்தை முழுங்கவைத்தால் ஆணியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு ஓரமாகக் கிடக்கும் என்று சொல்லிச் செய்திருக்கிறார். மாடும் தேறிவிட்டது.

"ரெண்டு மூணு நா சாணியக் கெளறிப் பாத்தேன், வரல. பெறகு வந்துருக்கும்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமுல்ல அத்தான்?"

"நீ கேக்கலையே. ஆசாரி வீட்டு மாடு ஆணி திங்காம எவன் வீட்டு மாடு திங்கும்?"

உலகத்தில் எந்தக் கம்பெனியும் தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கும் என்று யோசித்திருக்காது. புது டாக்டருக்குப் போன் போட்டேன். "அது வெளிய வராதும்மா. ரெண்டும் ஒரே பையிலதான் கெடக்கும், கடைசி வரைக்கும்" என்றார். வேறொரு கருவியைப் போட்டாலும் அதுவும் போய்க் காந்தத்தின் பக்கத்தில் படுத்துத் தூங்கும். காந்தமில்லாமல் தூங்கும் ரகம் எங்களிடம் கிடையாது.

அக்கா கேட்டாள், "அப்ப அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரமே புள்ளி நடுநடுவே பச்சையானது. கொஞ்ச நேரம், பிறகு சாம்பல். வயிறு புரளும்போது கருவி காந்தத்தை விட்டு விலகுகிறது, விழிக்கிறது, மறுபடி போய் ஒட்டிக்கொள்கிறது. எப்போது விலகும்? எதனால்? போனையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடு படுத்து எழும்போது ஒருமுறை. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும்போது பல முறை. முன்னங்கால்களை மேடான இடத்தில் வைத்து நிற்கவைத்தால் என்ன ஆகும் என்று மண்ணைக் கொட்டி மேடு கட்டினேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "வயித்துப் புள்ளக்காரிய வச்சு சர்க்கஸா காட்டுற?" என்று மண்வெட்டியைப் பிடுங்கினாள்.

அடுத்ததாக நடந்ததுதான் மோசம். ஒரு பகலில் என் போனும் அக்காவின் போனும் ஒன்றாக அலறின. சூடு இறங்குகிறது, கன்று வரப்போகிறது. அக்கா தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு சொல்லிவிட்டு, தேவகோட்டையிலிருந்து பஸ் மாறி மாறி ஓடிவந்தாள். மறுநாளும் லீவு. மாடு பாட்டுக்கு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் பதிவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கருவி விழிப்பதே பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும்போதுதான். குளிர்ந்த தண்ணீர் மேலே விழுந்ததும் சூடு இறங்கிவிட்டது என்று அது அடித்துச் சொல்லியிருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. தூங்கி எழுந்தவன் முகத்தில் தண்ணீரை ஊற்றி, இன்றைக்கு வெயில் எப்படி என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்?

அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "பரீட்ச நேரம். இனிமே லீவு கெடையாது, அவுக கண்டிசனாச் சொல்லிட்டாக. இந்தப் பொட்டியக் கழட்டு. பொய் சொல்றதுக்கு ஒண்ணும் சொல்லாம இருந்தாலே போதும்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "போன தடவ மாதிரி இன்னொரு கன்னத் தூக்கிப் போட எனக்குத் தெம்பு இல்லடி."

பெட்டியைக் கழற்றினேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் கன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் வந்து இருக்கேன்க்கா. லேப்டாப்ப எடுத்துட்டு வந்துருவேன். எனக்கு எங்குட்டு உக்காந்தாலும் வேலதான்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாணி வாடைக்கு மூக்கைப் பிடிக்கிறவள் நான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து கொட்டகைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பெனி மீட்டிங்கில் மாடு கத்தும். சிக்னலுக்காகக் கிணற்றடிக்கும் கொட்டகைக்கும் நடப்பேன். மாட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதும் சுவாரசியமாகத்தான் இருந்தது. கருவி இல்லாமல் என்ன தெரியும் என்று நினைத்திருந்தேன். வாலை எந்தப் பக்கம் அடிக்கிறது, எப்போது பெருமூச்சு விடுகிறது, எந்தக் காலை மாற்றி நிற்கிறது என்று கண் பழகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் அது தீனியைத் தொடவில்லை. படுத்தது, எழுந்தது, திரும்பித் தன் வயிற்றைத் தானே பார்த்தது. வாலின் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. நான் அக்காவைக் கூப்பிடுவதற்குள் பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டியது. டாக்டர் போன் எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள்; சொன்னதும் வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"லீவாவது ஒண்ணாவது, கிளம்பிட்டேன். பஸ்ஸுக்கு நிக்கிறேன். வச்சுறாத, ஸ்பீக்கர்ல போடு. மொதல்ல கயித்த அவுத்து விடு."

அவிழ்த்தேன். போனைத் தொட்டி மேல் வைத்தேன். முதலில் இரண்டு குளம்புகள், அவற்றின் மேல் மூக்கு. மாடு படுத்துவிட்டு முக்கியது. அக்கா போனில், "நேரா இழுக்காத, கீழாப்புல இழு, அது முக்குறப்ப மட்டும் இழு" என்றாள். பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது. இழுத்தேன். வழுக்கியது. சாக்கைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். மொத்தமாகச் சரிந்து என் மடியிலேயே விழுந்தது.

மூக்கும் வாயும் சவ்வில் மூடிக் கிடந்தன. பளபளவென்று, எங்கேயும் ஒரு திறப்பில்லாமல்.

"கிழி, கிழிச்சு எடு" என்று அக்கா கத்தினாள். கிழித்தேன். வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை வழித்தேன். கன்று அசையவில்லை. நெஞ்சில் காதை வைத்தேன். ஏதோ துடிப்பதுபோல் இருந்தது, அது என்னுடையதாகவும் இருக்கலாம். மாடு எழ முடியாமல் கிடந்து கழுத்தை மட்டும் நீட்டிக் கத்தியது.

"மூச்சு இருக்கா?"

"இல்லக்கா."

அக்கா மிக மெதுவாக, "வைக்கோல எடுத்து மூக்குக்குள்ள விடு" என்றாள். "நல்லா உள்ள விடு. வலிக்குமேன்னு பாக்காத."

ஒரு வைக்கோலை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டுத் திருகினேன். ஒன்றுமில்லை. சாக்கால் விலாவை அரக்கி அரக்கித் தேய்த்தேன். மறுபடி வைக்கோல். அடுத்த துவாரத்தில். என்னை அறியாமல் "எந்திரி, எந்திரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. அப்போது அது தும்மியது. என் முகமெல்லாம் சளி. இன்னொரு தும்மல். பிறகு தலையை உதறி, காதிரண்டையும் படபடவென்று அடித்துக்கொண்டு, விலா ஏறி இறங்க மூச்சு விட்டது.

"தும்முச்சுக்கா!"

பஸ்ஸுக்குள் அக்கா சத்தம் போட்டு அழுதாள். யாரோ ஒரு பெண் என்னம்மா என்னம்மா என்று கேட்பதும் கேட்டது. நானும் அழுதேன். மாடு எப்படியோ எழுந்து வந்து என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கன்றை நக்க ஆரம்பித்தது. இனி உனக்கு இங்கே வேலையில்லை என்பதுபோல் இருந்தது அந்த இடி.

அக்கா ரோட்டிலிருந்தே ஓடிவந்திருக்கிறாள். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. வாசலில் நின்று பார்த்தாள். கன்று நாலு காலையும் நாலு பக்கம் பரப்பி நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது.

"கெடாரியா, காளையா?" என்றாள்.

நான் முழித்தேன். "பாக்கலயேக்கா."

அவள் அங்கேயே, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் பாக்கல, விடு" என்றாள். "கொஞ்ச நேரம் அது மூச்சு விடுறத மட்டும் பாப்போம்."